எங்கள் வீட்டின் மேல் மரம் வளர்த்த கதை

"மரம் எங்கேம்மா?"

தொழிற்சாலை மேலாளர் என் காதருகே குனிந்து கேட்டார். முகம் மட்டும் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது. பெரிய வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தை எப்படியோ கைவந்துவிடுகிறது.

இடம், கத்திவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் நீளமான மேசை போட்டு, கூட்டத்தை நடத்த வந்த அரசு அதிகாரியை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். பின்னால் வெள்ளைத் திரை. சமையல்கட்டிலிருந்து போண்டா வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. மக்கள் கருத்தைக் கேட்பதற்கு முன் மக்கள் வாயை அடைத்துவிட வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

திரையில் எங்கள் ஆறு கடலில் சேருமிடம், ட்ரோனில் எடுத்த படம். படத்தின் இடது கீழ் மூலையில் இந்நேரம் பச்சைப் பசேலென்று மரங்கள் முளைத்திருக்க வேண்டும். ஒன்றும் முளைக்கவில்லை. முளைக்கவைக்கும் பொறுப்பு என்னுடையது.

இரண்டாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் இறால் விற்பவள், அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். மேடைக்கு ஓரமாக நான் நிற்பதைக் கண்டு பக்கத்துப் பெண்களிடம் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அப்படியே தரை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

மரம் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், மரத்தை நான் எப்படி வளர்க்கக் கற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். 'உங்கள் தொடரில் கம்ப்யூட்டர் வேண்டாமே' என்று இந்த இதழுக்கு எழுதிய பெரம்பூர் வாசகர் மன்னிக்கவும். சமையல் குறிப்பு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

டாலர் போட்டால்தான் நடக்கும்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களை டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் கேமராவை வாசலில் மாட்டினார்கள். அதற்குப் பொங்கல் போனஸ் தர வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்காது. எனக்கு ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அப்படித்தான் பஷீர் பாயிடம் வந்து சேர்ந்தேன். தண்டையார்பேட்டைக்காரர். கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர், ஜனங்கள் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கியதும் வெப்சைட் செய்பவராக மாறிவிட்டார். திருவொற்றியூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். நாள் முழுக்க வார்னிஷ் நெடி. ஆபீஸ் என்றால் பாய், நான், இரண்டு கம்ப்யூட்டர்.

பத்திரிகைத் தொழிலின் ருசி பாயை விடவில்லை. பிள்ளையார், பிறை, சிலுவை எதுவானாலும் தங்க நிறத்தில் மின்ன வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளர்களையே பார்த்துப் பழகியவர்.

"கஜா, சும்மா எழுத்த ஒட்டிவெச்சா எவன் பாப்பான்? எல்லாம் ஆடணும், ஓடணும். அதுக்கு ஒரு லைப்ரரி கீதாமே, அத்த கத்துக்கோ" என்றார்.

லைப்ரரி என்றால் நூலகம் இல்லை. வெப் பக்கத்தில் ஒரு படம் நழுவி இறங்குவதற்கும், ஓர் எழுத்து மெல்ல மறைவதற்கும் நாமே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் மாளாது. யாரோ புண்ணியவான்கள் முன்பே எழுதி மூட்டை கட்டி நெட்டில் வைத்திருக்கிறார்கள். ஜேக்குவரி என்று பெயர். நம் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் அதன் விலாசத்தைக் கொடுத்துவிட்டால், பக்கம் திறக்கும்போது மூட்டை தானாக வந்து இறங்கும்.

பிறகு ஒரு டாலர் குறி போட வேண்டும். அடைப்புக்குள் பொருளின் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் கட்டளை. ஹைட் என்றால் ஒளிந்துகொள்ளும். ஷோ என்றால் வெளியே வரும். ஃபேடு அவுட் என்றால் நாகரிகமாக மெல்ல மறையும். இதிலும் டாலர் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். உலகம் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

யூடியூபில் ஒரு பையன் பாடம் நடத்தினான். ரயிலைப் பிடிக்க ஓடுபவன் பேசுவதுபோல் இங்கிலீஷ். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, முதல் கட்டளையை எழுதினேன். ஒரு பெட்டியை மறைப்பதற்குப் பதில் முழுப் பக்கத்தையும் மறைத்துவிட்டேன். வெள்ளைத் திரையை பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா நீட்டா கீது. ஆனா இதுக்கு எவனும் துட்டு தர மாட்டான்" என்றார்.

நான் கற்று முடித்த சமயத்தில், சோழிங்கநல்லூர் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் சித்தப்பா மகன், அதையெல்லாம் இப்போது யாரும் தொடுவதில்லை, புதிதாக வேறு வந்துவிட்டது என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னான். எனக்கு வருத்தமே இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் எங்கள் பக்கம் வந்து சேர்வது வழக்கம்தானே. நிலக்கரி வந்தது, ரசாயனம் வந்தது, ஜேக்குவரியும் வந்துவிட்டுப் போகட்டும்.

பிரியாணிப் புகை

வித்தை தெரிந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? ராயபுரத்தில் கல்யாணத்துக்குப் பிரியாணி செய்து தரும் ஒருவருக்கு வெப் பக்கம் செய்தோம். அண்டாவின் மூடி திறக்கும், புகை எழும், புகை விலகியதும் போன் நம்பர் தெரியும். பாய் அதைப் பார்த்து "மாஷா அல்லா" என்றார்.

ஒரு வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. பட்டன் போனைவிடக் கொஞ்சமே மேலான மலிவு போன்களில் புகை விலகவே விலகாதாம். நம்பருக்குக் காத்திருந்தவர்கள் வேறு கடையில் சொல்லிச் சாப்பிட்டும் முடித்திருக்கிறார்கள். "புகைய மொதல்ல நிறுத்தும்மா, ஊருக்குள்ள இருக்குறது பத்தாதா?" என்று அவர் வந்து கேட்டதில் நியாயம் இருந்தது.

இன்னொரு பக்கத்தில், மவுஸைக் காட்டினால் இறங்கி வரும் பட்டியல் ஒன்றை வைத்தேன். வாடிக்கையாளர் மவுஸை நாலைந்து தடவை மேலே ஆட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பட்டியல் நிற்கவில்லை. வரிசையில் சேர்ந்துவிட்ட எல்லா ஆட்டத்தையும் ஆடித் தீர்த்த பிறகுதான் ஓய்ந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஸ்டாப் என்று ஒரு கட்டளை போட வேண்டும், அதை நான் போடவில்லை. அந்தப் பையனும் அதைச் சொல்லவில்லை. ஆரம்பிக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது, நிறுத்தத்தான் சொல்லித்தர ஆளில்லை.

தண்ணீர் நீலம்

நடுவில் ஒரு பழைய சங்கதி.

எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஆற்றை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். தண்ணீருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன், ஏனென்றால் எங்கள் ஆறு அன்றைக்கு அந்த நிறத்தில்தான் இருந்தது. எங்கிருந்தோ சாம்பல் கலந்த நீர் வந்து சேர்ந்து, கரையெல்லாம் கஞ்சி வடித்ததுபோல் படிந்திருந்தது. அப்பா வலையை உதறினால் இறாலோடு சாம்பலும் உதிரும்.

புதிதாக வந்திருந்த டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டி, தண்ணீர் என்ன நிறம் என்று வகுப்பைக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் நீலம் என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் நீலம் அடித்து எடுத்து வந்தேன், 'குட்' கிடைத்தது. பிற்காலத்தில் வெப்சைட் வேலைக்கு வருவதற்கான முழுத் தகுதியும் எனக்கு அன்றே வந்துவிட்டது.

இன்னும் ஒரு மரம்

பாயின் ஆபீஸுக்கு ஒரு நாள் காரில் ஆள் வந்தது. மணலிப் பக்கம் பெரிய தொழிற்சாலை ஒன்றின் மேலாளர். பெயர் வேண்டாம், அவர்களே பெயரை நிறைய இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் இன்னொரு ரசாயனக் கிடங்கு கட்டப்போகிறார்களாம். அதற்கு முன் சுற்றுவட்டார மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் போட்டுக்காட்ட 'நமது பசுமைச் சுற்றுப்புறம்' என்று ஒரு பக்கம் வேண்டும்.

பாய்க்குக் கை கால் ஓடவில்லை. காயில் கடைக்காரரிடம் நாற்காலி கடன் வாங்கிப் போட்டார்.

மேலாளர் லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்தார். நல்ல படம், பொய் சொல்லக் கூடாது. கிடங்கு வரப்போகும் இடம் நடுவில் காலியாகக் கிடந்தது. அதை ஒட்டி, இடது மூலையில் ஒரு வரிசை வீடுகள், மேட்டில் ஏற்றிவைத்த படகுகள், காயப்போட்ட வலை. முதல் வீட்டின் கூரைமேல் நீலத் தார்ப்பாய். போன புயலில் ஓடு போன பிறகு அம்மா வாங்கிக் கட்டியது.

"இந்தக் கார்னர்தான் கொஞ்சம் கண்ண உறுத்துது. இங்க மரம் வளர்ற மாதிரி ஒரு எஃபெக்ட் குடுத்துடுங்க. மொதல்ல சின்னச் செடி, அப்புறம் கடகடன்னு வளர்ந்து மூடிடணும்" என்றார் மேலாளர்.

அது என் வீடு என்று சொல்லியிருக்கலாம். பாய்க்கு அது பெரிய வாடிக்கை, எனக்கு அது சம்பளம். நான் "ஓகே சார்" என்றேன். நல்ல இங்கிலீஷ், சுருக்கமாகவும் இருந்தது.

அவர் போனதும் பாய் என் முகத்தைப் பார்த்தார். அவர் எங்கள் வீட்டுக்கு அம்மாவின் இறால் தொக்குக்காகவே வந்து போகிறவர், தார்ப்பாயைத் தெரியாமல் இருக்குமா? வேண்டாமென்றால் சொல், போனைப் போட்டு முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். நான் செய்கிறேன் என்றேன். என் கோபம் எனக்கே புரியாத வகைக் கோபம். யாரோ மறைக்கத்தான் போகிறார்கள், என் கையால் ஒழுங்காக மறைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு வீம்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு கட்டளை இருந்தால் அது இந்த லைப்ரரியில்தான் இருக்கும். நெட்டில் மரப் படங்களை எடுத்து, பின்னணியை வெட்டி, வீட்டு வரிசையின்மேல் அடுக்கினேன். உயரத்தைச் சுழியத்தில் தொடங்கி மெல்லக் கூட்டும்படி அனிமேட் கட்டளை எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் மூழ்கியது. பக்கத்து வீடு மூழ்கியது. படகுகள் போயின. வேகம் சரியில்லை என்று மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் தார்ப்பாய்தான் கடைசியாக மறைந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மேலாளர் வந்து பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி விரலை வைத்தார். "இங்க ஏதோ ப்ளூவாத் தெரியுதே. இன்னும் ஒரு மரம் போட்டுடுங்க."

போட்டேன். வாதாம் மரம், அடர்த்தியானது.

பக்கத்தை அவருடைய லேப்டாப்பில் ஏற்றும்போதே சொன்னேன். மரம் வளர வேண்டுமானால் அந்த லைப்ரரி வேண்டும், அதையும் கூடவே ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். வெளியாள் தரும் புரோகிராம் எதையும் கம்பெனி லேப்டாப்பில் ஏற்றக் கூடாதாம், விதி. வாசலில் வருகிறவர்களின் போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுகிற இடம் அது. அப்படியானால் லைப்ரரி நெட்டிலிருந்துதான் வர வேண்டும், உங்கள் லேப்டாப்பில் அந்த விலாசத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரம் வராது என்றேன். டெக்னிக்கல் சமாச்சாரத்தையெல்லாம் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று லேப்டாப்பை மூடினார். கூட்டத்துக்கு நானும் வர வேண்டும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

மறுபடியும் மண்டபம்

அவர்கள் ஆட்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். திருடன் வராமலிருக்கப் போட்ட பூட்டு, மரத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. கம்பெனி லேப்டாப் வெளி விலாசத்தைத் தொட மறுத்தது. லைப்ரரி வரவில்லை, அது வராததால் கட்டளைகள் ஓடவில்லை, படம் மட்டும் துடைத்துவைத்ததுபோல் திரை முழுக்க நின்றது.

முதலில் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. தோ பாரு நம்ம படகு என்றார் ஒருவர். அடுத்தவர் தன் வலையைக் கண்டுபிடித்தார். தங்கள் வீட்டை வானத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்கள் ஜனத்துக்கு எப்போது கிடைத்தது? மண்டபமே எழுந்து நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். திரையைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். கிடங்கை ஒட்டிக் குடியிருப்பே இல்லை என்று அதில் போட்டிருந்ததாம். இது என்ன இடம் என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் மைக்கை எடுத்தார். சின்ன டெக்னிக்கல் பிரச்சினை, கொஞ்சம் பொறுத்தால் மரங்கள் வந்துவிடும் என்றார். எங்கே வரும் என்று அதிகாரி கேட்க, கையிலிருந்த சிவப்பு லைட்டை அடித்துக் காட்டினார். அந்தச் சிவப்புப் புள்ளி நீலத் தார்ப்பாயின்மேல் போய் உட்கார்ந்தது.

பிறகு என் பக்கம் சாய்ந்து, உங்கள் லேப்டாப்பை எடுத்துப் போடுங்கள் என்றார். பாயின் லேப்டாப் என் தோள்பையில் இருந்தது. அதில் மரங்கள் அருமையாக வளரும். நான் பையின் ஜிப்பில் கையை வைத்தேன்.

அம்மா எழுந்தாள். மார்க்கெட்டில் கூவிப் பழகிய குரல், மைக் வேண்டியதில்லை.

"சாரே, நீ லைட் அடிச்சிகினு கீறியே, அது என் வூடு. மரம் வரட்டும், நான் வேணான்னு சொல்லல. நான் எங்க போவணும்னு மட்டும் சொல்லிடு."

மேலாளரின் கையிலிருந்த லைட் கூரையிலிருந்து நழுவி ஆற்றுக்குப் போனது.

அதிகாரி என்னைப் பார்த்தார். இந்தப் பக்கத்தைச் செய்தது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நீங்க சொல்லுங்க. அந்த எடத்துல மரம் இருக்கா?"

மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் ஆபீஸ் வாடகை, பாயின் பெரிய வாடிக்கை, என் சம்பளம் எல்லாம் தெரிந்தன. வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கென்று பழகிவைத்திருந்த தமிழ் ஒன்று எனக்கு உண்டு. அது அந்த நேரம் பார்த்து வரவில்லை.

"மரம் இல்ல சார். நான் வரைஞ்சு வெச்சது. அங்க எங்க வூடு கீது. அதாண்ட வரிசையா இன்னும் வூடுங்க கீது, எல்லாத்துலயும் ஆளுங்க கீறாங்க."

ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அறிக்கையின் ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு என்னிடம் கதவு எண் கேட்டார். சொன்னேன். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். அதற்குள் அம்மா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

"தேசம்மா, எழுதிக்க சார். வூட்டு வரி கட்டுன ரசீதும் கீது."

அதையும் எழுதிக்கொண்டார். அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்களும் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.